இடப்பக்கம்

வாதாமரத்து நிழல் நகர நகர சலேத்தும் கூடவே நகர்ந்து உட்கார்ந்தாள், ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு ஒரு முழம்கூடக் கிட்டே போய்விடாமல், வெயில் காலில் ஏறினாலும் பரவாயில்லை என்று, ஏனென்றால் அந்தக் கட்டடம் முழுக்க மின்சாரம் ஓடுகிறது, சுவருக்குள், கூரைக்குள், படுத்துக்கிடப்பவர்களின் நெஞ்சில் ஒட்டியிருக்கிற வயர்களுக்குள், அத்தனையும் அவளுக்குப் பல்லின் வேரில் கேட்கிறது, மற்றவர்களுக்குக் கொசு கேட்கிற மாதிரி. மேலே இரண்டாவது மாடியில் அவள் புருஷன் வானமாமலை இந்நேரம் சட்டை மாட்டிக்கொண்டிருப்பான். இடது கையைத் தூக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம், எஸ்தர் வந்து சொன்னாள், அடுத்த வீட்டு எஸ்தர், சாப்பாட்டைக் கீழேயிருந்து மேலே கொண்டுபோவதும் செய்தியை மேலேயிருந்து கீழே கொண்டுவருவதுமாக அலைந்து கால் வீங்கிப்போனவள், ஒரு தடவைகூட, ஏங்க்கா நீங்க உள்ள வரமாட்டேங்கிறிய என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். திரேஸ்புரத்தில் அவர்கள் தெருவுக்கே தெரியும், யாரும் கேட்பதில்லை, மாவு வாங்க வருகிறார்கள், மாவு வாங்கிக்கொண்டு போகிறார்கள். சலேத்து வீட்டு மாவு கல்லில் ஆட்டினது, அதனால்தான் ருசி என்று தெருவைத் தாண்டியும் பேர் இருக்கிறது, கல்லில் ஆட்டுவதற்குக் காரணம் கிரைண்டரை அவள் தொட்டால் செத்துப்போகும் என்பது, ருசியெல்லாம் அப்புறம் வந்தது. இப்போது அந்தத் தொட்டால் செத்துப்போகும் சாமான்களின் வரிசையில் வானமாமலையும் சேர்ந்துவிட்டான். நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் ஆணியில் மாட்டிய சேலை மாதிரி நின்றது. கிழிக்காமல் எடுக்க முடியவில்லை.

பெட்டி சின்னதுதானாம், இடப்பக்கம் தோள் எலும்புக்குக் கீழே தோலை அறுத்து உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்களாம், அதிலிருந்து ஒரு வயர் இருதயத்துக்குள் போகிறதாம், இருதயம் சுணங்கினால் பெட்டி ஒரு தட்டு தட்டுமாம். பெட்டி நின்றால் என்று எஸ்தரைக் கேட்கச் சொன்னாள். மயக்கம் வரும், அதுக்கு மேலயும் வரலாம், ஆனா அது எங்கம்மா நிக்கப்போகுது, வருஷக்கணக்கா ஓடும் என்று டாக்டர் சிரித்தாராம். டாக்டருக்கு எப்படித் தெரியும். வானம் அவரிடம் அதுல இரும்பு உண்டா என்று மட்டும் கேட்டிருக்கிறான், இல்லை, வேற உலோகம் என்றதும் முகம் தொங்கிப்போய்விட்டதாம், பிறகு ஜன்னலுக்கு வந்து நின்று கீழே மரத்தடியில் இருந்தவளைப் பார்த்து, இரும்பு இல்லையாம் சலேத்து, எனக்குள்ள எனக்கே தெரியாத சாமான் ஒண்ணு கிடக்கு என்று கத்தினான், வண்டி நிறுத்த வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் பெரிய கண்டெய்னரைக் கைபடாமல் தூக்கி, துறைமுகத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் வைத்தவன். மாவு வாளியைத் தூக்கப் போய்த்தான் விழுந்தான். விழுந்த சத்தம் கேட்டு அவள் ஓடிவந்து அவன் தலையை மடியில் வைத்தபோது நெஞ்சில் துடிப்பு எங்கோ தூரத்தில், அக்கரையில் யாரோ துணி துவைப்பதுபோல, ஒன்று, அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. அப்போது தொட முடிந்தது. அதுதான் கடைசி, அது கடைசி என்று அப்போது தெரியாது.

எதிர்ச் சாரி டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அதையும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. மறுபடியும் அவர்கள்தான். மூன்று பேர். திருநெல்வேலியில் பட்டப்பகலில் ஒரு நகைக்கடையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒருத்தன் சத்தத்தை நிறுத்துகிறானாம், கத்தினாலும் கேட்காதாம், ஒருத்தன் இரும்பைத் தூக்குகிறான், ஒரு பிள்ளை கரண்டை உறிஞ்சுகிறாள். சின்ன இருட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள் அந்தப் பிள்ளைக்கு. அப்படியானால் பெரிய இருட்டு யார் என்று டீக்கடையில் யாரும் கேட்கவில்லை, கேட்டால் மரத்தடியில் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்தப் பொம்பளைதான், காலில் வெரிகோஸ் நரம்பு, பக்கத்தில் காலித் தூக்குவாளி. பழைய கூட்டாளி பொன்மாடன் அண்ணன், அந்த மூன்று பேரும் முதல்முதல் டிவியில் வந்த அன்றைக்கே போன் போட்டார், எஸ்தர் போனில், அதை எஸ்தர் தள்ளிப் பிடித்துக்கொள்ள சலேத்து தூரத்திலிருந்து பேசினாள். "நம்ம வேலைக்கு ஆள் போட்டாச்சு பாத்தியா," என்றார், பென்ஷன் வாங்கினவர் பேசுகிற மாதிரி. கடலிலிருந்து புகைமூட்டத்தைக் கிளப்பி ஊருக்குள் நடத்திக்கொண்டு வந்த மனிதர், இப்போது முள்ளக்காட்டில் உப்பளத்துக் காவல். "புகைக்கு மட்டும் ஆள் எடுக்கல போலிருக்கு," என்றார், அந்தக் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டுச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை அவளுக்கு. வானம் மேலேயிருந்து எஸ்தரிடம் கேட்டனுப்பியது இதுதான்: அந்த இரும்பு தூக்குத பய துறைமுகத்துல தூக்கின கண்டெய்னர் சரக்கு ஏத்தினதா, காலியா. காலி என்று தெரிந்ததும் அன்றைக்கு ஒரு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டானாம்.

இருட்டுக் கூட்டம் என்றுதான் அந்தக் காலத்தில் இவர்களுக்குப் பேர். மாடன் அண்ணன் புகையைக் கொண்டுவருவார், இவள் விளக்கை அணைப்பாள், வானம் ஷட்டரைக் காகிதம் மாதிரிச் சுருட்டுவான், விளக்கு வைத்ததும் ஊர் கதவடைத்துக்கொள்ளும், குழந்தைகள் பேர் சொன்னால் அழும், அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. அப்புறம் அந்த இரண்டு ராத்திரி. அவள் எடுத்த எடுப்பில் ஊர் முழுக்க இருண்டு கிடந்தது, ஐஸ் கம்பெனியில் மீன் அத்தனையும் நாறிப்போனது, ஒரு வீட்டில் மூச்சுமிஷின் நின்றுபோய் ஒரு மகன் தன் தாய்க்கு இரண்டு ராத்திரியும் கையாலேயே பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்திருக்கிறான். அது காதில் விழுந்த காலையில் அவள் யாரிடமும் சொல்லாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள், பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் பின்னால் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தார்கள், ஏன் வாரிய என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மறுநாளே கோர்ட்டில் அந்த மகனைப் பார்த்தாள். தாய் பிழைத்துக்கொண்டாள், அவன் திட்டவில்லை, சும்மா நின்றான், கை இரண்டும் வீங்கிப்போயிருந்தன. பேராசை பிடித்தவள் என்று வக்கீல் சொன்னார், அவளும் தலையாட்டினாள். நிறுத்த முடியவில்லை என்பதை யாரிடம் சொல்வது. தொண்டைக்குள் இறங்க ஆரம்பித்தால் நிற்காது அது, பழைய செம்புக்காசைச் சப்பின ருசி, அதற்குப் பின்னால் ஒரு தாகம், குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தாலும் தீராதது. சிறையில் இருந்த வருஷங்களில் ஒரே ஒரு காரியம்தான் கற்றுக்கொண்டாள், எடுக்காமல் இருப்பது. உள்ளுக்குள் எங்கோ ஒரு விரலை மடக்கி வைத்துக்கொள்வது, சமைக்கும்போது, ஜெபம் சொல்லும்போது, சண்டை போடும்போது, தூங்கும்போதுகூட. தூங்கும்போதுதான் பயம். தலைமாட்டில் கிடந்த அவன் போன் போன வருஷத்தில் இரண்டு தடவை விடியும்போது செத்துக்கிடந்தது. சார்ஜ் போட மறந்துட்டேன் என்றான் அவன், மறக்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் மணப்பாட்டில் தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். தையல் ஆறட்டும், இவன் எழுந்து நடக்கட்டும், எஸ்தர் பார்த்துக்கொள்வாள், அப்புறம் நான் வந்துவிடுகிறேன் என்று. ஜெயிலை விட்டு வந்து ரெஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றி, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று உலகம் கேட்க, ஒரே பாயில் படுத்து இத்தனை வருஷம். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

"அக்கா, வந்துட்டாரு," என்றாள் எஸ்தர். சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார்கள், இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்க, தாடி வெள்ளையாய் முளைத்து, சின்னவனாகிவிட்டான், சட்டை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, ஓடிப்போய் அந்தக் காலரைச் சரிசெய்யக் கை எழுந்தது, அதை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். எஸ்தர் பிடித்துவந்த டீசல் ஆட்டோ, பேட்டரி வண்டி வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள், ஓட்டுகிறவர் பேர் ஜெபமணி, வேறு ஏரியாக்காரர், இவர்களைத் தெரியாது. எஸ்தர் மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன் என்று போய்விட்டாள். சலேத்து பின்சீட்டில் அவனை ஏற்றவிட்டு, தான் போய் டிரைவர் பக்கத்துப் பலகையில் ஒட்டிக்கொண்டாள். "இங்க வா," என்றான் வானம். "இங்கயே நல்லாருக்கு." "அது ஆம்பளைய உக்காருத இடம், இங்க வந்து உக்காரு சலேத்து." "என்னங்க, சும்மா வாங்க," என்றாள், வெளியாட்கள் முன்னால் அவள் அவனுக்கு மரியாதை கொடுப்பாள், வீட்டுக்குள்ளேதான் வானம், நீ, வா, போ எல்லாம், கூட்டத்தில் இருந்த காலத்துப் பழக்கம். அவன் பார்வை முதுகில் வந்து உட்கார்ந்தது. பின்னாலிருந்து பெட்டியின் ரீங்காரம் அவளுக்குக் கேட்டது, ஆஸ்பத்திரியின் அத்தனை இரைச்சலும் தூரப் போகப் போக அது மட்டும் தனியாக, மெல்லிசாக, ஒரு தேனீ அளவு. நன்றாக ஓடுகிறது. ஒவ்வொரு தட்டும் கேட்கிறது. உலகத்தில் வேறு எந்தப் பெண்சாதிக்கும் புருஷனின் நெஞ்சு இப்படிக் கேட்டிருக்காது, கேட்கிற காதே கொல்கிற வாயாகவும் இருந்தால் என்ன செய்வது, விரலை மடக்கு, மடக்கு, இன்னும் இறுக்கி.

ஜெபமணி பேச்சுப்பிரியர். "அந்தப் புதுக் கூட்டத்தப் பத்திக் கேட்டியளா அண்ணாச்சி? முந்தி இங்க ஒரு கூட்டம் இருந்துச்சாமே, அவங்கள்லாம் இதுக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்லுதாங்க. சும்மா புகையப் போட்டு இருட்டுல திருடினவங்க. இவங்க பகல்ல." பின்னாலிருந்து வானம், "அந்தக் கூட்டத்துல இரும்பு தூக்குனவன் ஏத்தின கண்டெய்னரே தூக்குவானாம்," என்றான். "அதெல்லாம் கட்டிவிட்ட கத அண்ணாச்சி." "இருக்கும்," என்றான் வானம். சலேத்துக்குச் சிரிப்பு வந்தது, திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டும்போல இருந்தது, திரும்பினால் முகத்தில் மணப்பாடு தெரிந்துவிடும். உப்புக்காற்று வந்தது. அந்தப் பிள்ளைக்கு என்ன வயதிருக்கும், டிவியில் முகத்தை மூடியிருந்தது, மணிக்கட்டு மட்டும் தெரிந்தது, குச்சி மாதிரி. எடுத்து முடித்த பிறகு அதற்கு யார் தண்ணீர் கொடுக்கிறார்கள். கூட இருக்கிற இரண்டு பேருக்கும் தெரியுமா தாகத்தைப் பற்றி. வானத்துக்குத் தெரிந்திருந்தது, அவன்தான் ஒவ்வொரு தடவையும் சொம்பில் உப்புப் போட்ட நீராகாரத்தோடு நிற்பான், பெட்டகத்தை உடைத்த கையோடு, முதலில் இவளுக்கு, அப்புறம்தான் தங்கம். அங்கேதான் ஆரம்பித்தது எல்லாம், நகை, பேர், பயம் எதிலும் இல்லை, அந்தச் சொம்பில்தான்.

ரெண்டாங்கேட்டில் ரயில் கேட் போட்டிருந்தது. வண்டிகள் முன்னும் பின்னும் அடைத்துக்கொண்டன, ஜெபமணி எஞ்சினை நிறுத்தாமல் இறங்கி எட்டிப்பார்த்தார். அப்போதுதான் பல் கூசியது. முதலில் தன்னுடையதுதான் நழுவுகிறதோ என்று பதறி உள்விரலை இறுக்கினாள், இல்லை, இது வெளியிலிருந்து, மேற்கேயிருந்து, ஓடையில் மடை திறந்ததுபோல எல்லாம் ஒரு திசையில் சரிந்து ஓட ஆரம்பித்தது. எதிர் மாடியில் ஏசி நின்றது. கேட்டின் சிவப்பு விளக்கு போனது. பைக்குகள் ஒவ்வொன்றாய் இருமி அடங்கின, ஹாரன்கள் நடுவில் அறுந்தன, ஒரு பெண் காதிலிருந்த போனை எடுத்துப் பார்த்து உதறினாள். அந்தப் பிள்ளை ஊருக்குள் வந்துவிட்டது. கம்பியை மட்டும் எடுக்கவில்லை, எல்லாவற்றையும் எடுக்கிறது, பேட்டரி, போன், கைக்கடிகாரம், பசித்தவன் அடுப்படியில் நின்றபடியே பானையில் கைவிட்டு அள்ளித் தின்கிற மாதிரி. பிறகு பின்சீட்டில் தேனீ நின்றது.

திரும்பினாள். வானத்தின் முகம் மெழுகாகியிருந்தது, கண் மேலே செருகியது, வாய் ஏதோ சொல்லப் பார்த்தது. தட்டு இல்லை. இன்னும் தட்டு இல்லை. எப்படி ஏறினாள் என்று தெரியாது, தூக்குவாளி ரோட்டில் உருண்டது கேட்டது, அவள் முழங்காலில் அவன் முன்னால் இருந்தாள், கை அவன் சட்டைக்குள், இடப்பக்கம், தையலுக்கு மேலே, தொடவே கூடாது என்று வைத்திருந்த இடத்தில். தோல் சில்லிட்டிருந்தது. உள்ளே பெட்டி இருந்தது, அதற்குள் துளி ஒன்று மிச்சம், வடிந்துகொண்டே இருந்தது, மேற்கே, அந்தப் பிள்ளையின் வாய்க்கு. அந்தத் துளியைப் பிடிக்க வேண்டுமானால் மடக்கின விரலை விரிக்க வேண்டும். இத்தனை வருஷம் மடக்கி வைத்தது. விரித்தாள். செம்புக்காசு ருசி நாக்கில் பாய்ந்தது, தாகம் எங்கே போயிருந்ததோ அங்கேயிருந்து எழுந்து வந்தது, அடங்காத அந்தப் பழைய தாகம், உடம்பு முழுக்க, குடி, குடி என்று, வாய்க்குள்ளேயே இருக்கிறது, ஒரு மிடறுதான். விழுங்கவில்லை. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு விழுங்காமல் இருப்பது போல வைத்திருந்தாள், தொண்டை தானாக அசைந்தது, அசையட்டும், திறக்க மாட்டேன், வானம், நான் திறக்க மாட்டேன். சுற்றிலும் கையால் அணை கட்டினாள், மேற்கே இழுக்கிற இழுப்புக்கும் அந்தத் துளிக்கும் நடுவில் தானே குறுக்கே விழுந்து கிடந்தாள். இழுப்பில் பயம் இருந்தது, அதை அவள் அறிவாள், நிறுத்த முடியாத பயம், யாராவது நிறுத்திவிட மாட்டார்களா என்கிற பயம். இது வேண்டாம் தாயி, இதை மட்டும் விட்டுடு, இது ஒரு மனுஷன். வாயால் சொன்னாளா உள்ளே சொன்னாளா தெரியவில்லை. இழுப்பு ஒரு கணம் தடுமாறியது, இருட்டில் பானைக்குள் இன்னொரு கை தட்டுப்பட்டால் தடுமாறுகிற மாதிரி. அப்படியே நின்றது. பிறகு மெல்ல, மெல்ல, விலகிப்போனது.

கைக்குக் கீழே ஒரு தட்டு. காத்திருந்தாள். இன்னொன்று. தேனீ மறுபடியும் முனகத் தொடங்கியது, அவன் ஒரு பெரிய மூச்சு இழுத்து, கண்ணைத் திறந்து, தன் நெஞ்சிலிருந்த கையைப் பார்த்து, அப்புறம் அவளைப் பார்த்தான். அவள் கையை எடுக்கப்போனாள். "எடுக்காத," என்றான். "வானம், அது..." "தெரியும். எடுக்காத." ஜெபமணி ஓடிவந்து எட்டிப்பார்த்தார். "என்னக்கா, அண்ணாச்சிக்கு என்ன? ஆஸ்பத்திரிக்கே திருப்பவா?" அவள் கையாலேயே துடிப்பைக் கேட்டாள். ஒழுங்காக, ஒழுங்காக, ஒழுங்காக. "இப்போ சரியாயிட்டு. வீட்டுக்குப் போய் அந்த டாக்டரக் கூப்பிட்டுக்கிடுதேன். குடிக்கத் தண்ணி இருக்கா?" அவர் பாட்டிலைக் கொடுத்தார். அவள் கேட்டது அவனுக்காக, ஆனால் வானம் வலது கையால் பாட்டிலை வாங்கி, பல்லால் மூடியைத் திருகி, அவள் வாயருகே பிடித்தான். குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. முழுவதும் குடித்தாள்.

விளக்குகள் வந்தன. வண்டிக்காரர்கள் எல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டும் உதைத்துக்கொண்டும் இருந்தார்கள், இவர்கள் டீசல் ஆட்டோ எஞ்சின் மட்டும் எப்படி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது என்று ஜெபமணி இரண்டு தடவை ஆச்சரியப்பட்டுவிட்டு, "முன்ன வந்து உக்காருதியளா அக்கா?" என்று கேட்டார். "இல்ல. இங்கயே இருக்கேன்," என்றாள். வானத்தின் பக்கத்தில், இடப்பக்கமே உட்கார்ந்தாள். வண்டி கேட்டைத் தாண்டிக் குலுங்கியது. "மணப்பாட்டுக்குப் போகணும்னு இருந்தியா?" என்றான் அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. யார் சொன்னது, எஸ்தரா, இல்லை, எஸ்தருக்கே தெரியாதே, அவள் முதுகைப் பார்த்தே படித்திருப்பான். "இருந்தேன்," என்றாள். அவன் அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் மறுபடி வைத்துக்கொண்டான். அவளுக்குக் கை கால் எல்லாம் விட்டுப்போயிருந்தன, எலும்பெல்லாம் உப்பு மாதிரிக் கரைகிற சோர்வு, இப்போது தூங்கக்கூடாது, கை அங்கே இருக்கும்போது தூங்கவே கூடாது, ஐந்து நிமிஷம் விழித்திருந்தால் வீடு, மடக்கு, எந்த விரல், விரித்ததை மறுபடி மடக்கினேனா, கடல் வாசனை, அவன் தோள், அந்தச் சட்டைக் காலர் இன்னும் மடங்கியே இருக்கிறது, சரி செய்ய வேண்டும்.

திடுக்கிட்டு விழித்தபோது வண்டி நின்றிருந்தது. திரேஸ்புரம், அவர்கள் தெரு, அவர்கள் வாசல். அவள் தலை அவன் தோளில், கை அவன் நெஞ்சில், விரல்கள் எல்லாம் விரிந்து தளர்ந்து கிடந்தன, குழந்தை கை மாதிரி. "நான் தூங்கிட்டேனா?" என்றாள். "நல்லா." "எப்பத்துலருந்து?" "கேட்டத் தாண்டினதுலருந்து. குறட்டை வேற," என்றான் வானம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கவனித்தாள். தட்டு. தட்டு. தட்டு. ஜெபமணி எஞ்சினை நிறுத்திவிட்டு, வீடு இதுதானே என்று கேட்டார், இதுதான் என்று வானம் சொன்னான், அவளை எழுப்பிவிடக்கூடாது என்கிறவன் மாதிரி மெதுவாக, விழித்துவிட்டாள் என்று தெரிந்த பிறகும். அவளும் தலையை எடுக்கவில்லை.